சீயக்காயும் சீசாவும்

ஞாயிற்றுக்கிழமை இரவில் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் பேருந்துகளில் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்குவோர் கூட்டம் ஒன்றைக் காணலாம். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் இளைஞர்களும் பெண்டிரும் அவர்கள். தோளில் கணினிப் பை. கையில் அன்னையர் கட்டிக் கொடுத்த பொட்டலங்கள். பருப்புப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் நடுவே சீயக்காய்ப் பொடியும் இருப்பதுண்டு. "அந்த ஊர்த் தண்ணீர் உன் தலையைக் கெடுத்துவிட்டது, கண்ட ஷாம்புவையும் போடாதே" என்னும் எச்சரிக்கையும் அதனோடு சேர்ந்தே பயணம் செய்கிறது.

1978-இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர். கே. பாலிகா அவர்களின் முயற்சியால், கோணப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களில் 332 ஏக்கர் நிலத்தில் அமைத்த தொழில் நகரம் இது. இங்குக் குடியேறிய தமிழர் இருவர் சந்தித்தால், சம்பளத்திற்கும் வாடகைக்கும் அடுத்தபடியாக முடி உதிர்வதைப் பற்றிய பேச்சே எழுகிறது. பொடியா, ஷாம்புவா என்பதில் தொடங்கும் வழக்கு எளிதில் முடிவதில்லை. இவ்விரண்டும் எவ்வாறு தோன்றின, எவற்றால் ஆயின என்று நோக்கினால் வழக்கின் போக்கே மாறக் காண்போம்.

முதலில் பொடியை எடுத்துக்கொள்வோம். சீயக்காயில் சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் உண்டு, பூந்திக்கொட்டையிலும் அதுவே. கன்னடத்தில் சீகேகாயி என்று கேட்டால் கோணப்பன அக்ரஹாராக் கடைக்காரரும் இதையே எடுத்துத் தருவார். சொல்லும் பொருளும் இரு நாட்டுக்கும் பொது. சபோனின் எண்ணெயைப் பற்றி நீரோடு இழுத்துச் செல்லும். ஆனால் அது மட்டும் போதாது, முடி முரடாகும் என்பதை நம் பாட்டியர் அறிந்திருந்தனர். ஆகவே வெந்தயத்தையும் செம்பருத்தி இலையையும் சேர்த்து அரைத்தனர். வடித்த கஞ்சியில் பொடியைக் குழைத்தனர். வெந்தயமும் செம்பருத்தியும் தரும் கொழகொழப்பு, முடியின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து சிக்கலை நீக்குகிறது. அழுக்கை அகற்றுவது ஒன்று, வழுவழுப்பைத் தருவது மற்றொன்று எனப் பிற்காலத்தார் இரண்டு சீசாக்களில் அடைத்ததை அவர்கள் ஒரே கிண்ணத்தில் கலந்து வைத்திருந்தனர். கொங்கு நாட்டில் அரப்பு இலையும் இத்தொழிலுக்குப் பயன்பட்டது.

இனிச் சீசாவின் கதை. வேடிக்கை என்னவெனில், ஷாம்பு என்னும் சொல்லும் நம் நாட்டதே. பிடித்துவிடு, அமுக்கு எனப் பொருள்படும் 'சாம்போ' என்னும் இந்திச் சொல் கடல் கடந்து உருமாறியது. பாட்னாவில் 1759-இல் பிறந்த ஷேக் தீன் முகம்மது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 1814-இல் நீராவிக் குளியல் நிலையம் அமைத்து உடம்பு பிடித்துவிடும் தொழிலை நடத்தினார். நான்காம் ஜார்ஜ் மன்னரும், அவருக்குப் பின் நான்காம் வில்லியம் மன்னரும் அவரைத் தம் பணியில் அமர்த்திக்கொண்டனர். அச்சொல் தலை கழுவுதலைக் குறித்தது பின்னரே.

இடையில் சோப்பு வந்தது. பெங்களூரிலேயே 1916-இல் மைசூர் அரசு சோப்புத் தொழிற்சாலையை நிறுவியது; சந்தன சோப்பின் புகழ் உலகறிந்தது. ஆயினும் தலைமுடிக்குச் சோப்பு ஏற்றதன்று. அது காரத் தன்மையுடையது. முடியின் மேற்செதில்களை எழுப்பிச் சொரசொரப்பாக்கும். மேலும் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் அது திரிந்து வெண்பிசுக்காகத் தலையில் படியும். இன்று எலெக்ட்ரானிக் சிட்டியின் பல குடியிருப்புகளில் ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீருமே பயன்படுகின்றன. குழாய் வாயில் வெள்ளையாய்க் காரை கட்டியிருப்பதைக் கண்டோர் இதை எளிதில் உணர்வர்.

இத்தொல்லைக்கு மாற்றாகவே செயற்கைக் கழுவுபொருள் வந்தது. 1934-இல் அமெரிக்காவில் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் வெளியிட்ட ட்ரீன் கடின நீரிலும் நுரைத்தது. 1964-இல் சன்சில்க் இந்தியாவிற்கு வந்தது. ஆனால் ஷாம்புவைச் சிற்றூர்க் குடிசைவரை கொண்டுசென்ற புகழில் பெரும்பங்கு நம் கடலூருக்கு உரியது. அங்கே சின்னிகிருஷ்ணன் அதைச் சிறு பைகளில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலுடன், தந்தையின் பெயரைச் சுருக்கிச் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். அதே நிறுவனம் பின்னர் 'மீரா' சீயக்காய்ப் பொடியையும் விற்றது! வழக்கின் இரு கட்சிக்கும் ஒரே வழக்கறிஞர்.

இன்றைய ஷாம்புச் சீசாவில் பெரும்பகுதி நீர். அடுத்து வருவது சோடியம் லாரெத் சல்பேட் போன்ற கழுவுபொருள். சல்பேட் முடியை வேரோடு பறிக்கும் என்னும் அச்சத்திற்குச் சான்றில்லை. எண்ணெய்ப் பசையை மிகுதியாய் அகற்றி முடியை உலர்த்தக்கூடும், அவ்வளவே. உலர்ந்த தலையினர் மென்மையான வகையை நாடுவது தக்கது. கண்டிஷனரின் வேலை வேறு. கழுவிய முடியில் எதிர்மின்னேற்றம் இருக்கும். செட்ரிமோனியம் குளோரைடு முதலிய நேர்மின்னேற்றப் பொருள்கள் அதனோடு ஒட்டிக்கொள்கின்றன. சிலிக்கோன் மேலே வழுக்கலைத் தருகிறது. மெலிந்த முடியில் கனத்த சிலிக்கோன் படிந்தால் முடி தலையோடு ஒட்டி, மண்டை இன்னும் தெளிவாய்த் தெரியும். ஆகவே அத்தகையோர் நுனியில் மட்டும் அளவாய்த் தடவுதல் நன்று. 'அடர்த்தி தரும்' எனப்படும் வகைகளில் உள்ள புரதமும் பாலிமரும் ஒவ்வோர் இழையையும் சற்றுப் பருமனாகக் காட்டும். அடுத்த குளியலோடு அது போய்விடும்.

பாட்டியின் கிண்ணமாயினும் கம்பெனியின் சீசாவாயினும் தொழிற்படுவது வெளியே தெரியும் முடித்தண்டின் மேல்தான். தேங்காயெண்ணெய் தண்டினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதாக 2003-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டிற்று. அதுவும் தண்டின் செய்தியே. வழுக்கை தொடங்குவதோ தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலில்.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. காய்ச்சல், மகப்பேறு, கடும் பட்டினி ஆகியவற்றிற்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிர்வதும் உண்டு; அது பெரும்பாலும் தானே தேறிவிடும். இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும் பெண்களிடம் அடிக்கடி காணப்படும் காரணங்கள். பரம்பரை வழுக்கையின் போக்கு வேறு. ஆண்களுக்கு அது பெரும்பாலும் இருபதுகளில் தலைகாட்டுகிறது. நம் இளைஞர் வேலை தேடி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வருவதும் அதே வயதில்! வந்த இடத்து நீர்மீது பழி விழுவதற்கு இதனினும் தக்க தற்செயல் வேண்டுமோ? கடின நீர் முடியை முரடாக்கலாம். பரம்பரை வழுக்கையை அது உண்டாக்குவதில்லை. பழியை நீரின்மேல் போட்டு ஷாம்பு மாற்றி ஷாம்பு வாங்கிக் கழிக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மயிர்க்கால்கள் சுருங்கிக்கொண்டே போகின்றன என்பதுதான் நம் கவலை.

காஃபீன் கலந்த ஷாம்பு ஒன்று முடி உதிர்வைக் குறைக்கும் என்ற விளம்பரத்தை, போதிய சான்றில்லை எனப் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2018-இல் தடுத்தது. கழுவும் பொருள்களுள் ஓரளவு ஆதரவு பெற்றது பொடுகுக்குரிய கீட்டோகோனசோல்; அதற்குள்ள சான்றும் சிறிய ஆய்வுகளே. மேலே தடவும் மருந்தாக 1988-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மினாக்சிடில், முதலில் இரத்த அழுத்தத்திற்குரிய மாத்திரை. உட்கொண்டோர் உடலில் முடி வளர்ந்ததைக் கண்டே அதைத் தலைக்குத் திருப்பினர். அதன் பயன் தெரியச் சில மாதங்கள் ஆகும். நிறுத்தினால் பயனும் நீங்கும். மயிர்க்கால் முற்றும் மறைந்த இடத்தில் அது வேலை செய்யாது. மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

அம்மருத்துவர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, குடும்பத்தில் யாருக்கு எவ்வயதில் முடி குறைந்தது என்பது. அதற்கு விடை அறிந்தவர் பொட்டலம் கட்டித் தரும் அன்னையே. அடுத்த முறை ஊர் செல்லும்போது, மாமனுக்கும் பாட்டனாருக்கும் சிற்றப்பாவுக்கும் நெற்றி ஏறத் தொடங்கியது எந்த வயதில் என்று அவரிடம் கேட்டு வரலாம்.