சின்ன வெங்காயப் பட்டறை

சின்ன வெங்காயப் பட்டறை என்பது அறுவடை செய்த சின்ன வெங்காயத்தை மொத்தமாகச் சில மாதங்கள் கெடாமல் வைத்திருப்பதற்காக உழவர்கள் வயலோரத்திலோ களத்திலோ அமைக்கும் காற்றோட்டமான சேமிப்பு அமைப்பு ஆகும். இவ்வாறு சேமிப்பதைப் 'பட்டறை போடுதல்' என்பர். தொழிற்கூடத்தைக் குறிக்கும் பட்டறை என்னும் சொல்லிலிருந்து இப்பயன்பாடு வேறுபட்டது.

தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபகுதியிலும் அதனை அடுத்துள்ள பெரம்பலூர் மாவட்டத்திலும் இம்முறை பரவலாகக் காணப்படுகிறது. துறையூர் வட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள உப்பிலியபுரம் ஒன்றியமும், பெரம்பலூர் மாவட்டத்தின் செட்டிகுளம் பகுதியும் சின்ன வெங்காயம் பயிராகும் இடங்களுள் அடங்கும்.

சேமிப்பின் தேவை

சின்ன வெங்காயம் பெரிய வெங்காயத்தின் இனத்தைச் சேர்ந்ததே எனினும், ஒரு குமிழ் பல பற்களாகப் பிரிந்து கொத்தாக வளரும் வகையாகும். பெரும்பாலான வகைகள் விதையின்றிக் குமிழை நட்டே பயிரிடப்படுகின்றன. நடவு செய்த ஏறத்தாழ 70 நாட்களில் அறுவடைக்கு வரும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நடவு நடைபெறுவது வழக்கம்.

ஒரே பருவத்தில் அனைவரும் அறுவடை செய்வதால் அப்போது விலை வீழ்கிறது. விலை ஏறும்வரை காத்திருப்பது பட்டறை போடுவதன் முதல் நோக்கமாகும். இரண்டாவது நோக்கம் விதை. ஒரு எக்டேர் நிலத்தில் நடுவதற்குச் சுமார் 1,500 கிலோ விதை வெங்காயம் தேவைப்படுகிறது. எக்டேருக்கு 15 டன் விளைந்தால் அதில் பத்தில் ஒரு பங்கை அடுத்த நடவுக்கென ஒதுக்க வேண்டும். பட்டறையிலுள்ள வெங்காயம் அழுகினால் உழவர் விற்பனை வருவாயை மட்டுமின்றி அடுத்த பருவத்தின் விதையையும் இழக்கிறார். நடவுக் காலத்தில் விதை வெங்காயத்தின் விலை உயர்ந்திருப்பின் அவர் கடன்பட்டே பயிர் செய்ய நேரிடும்.

அறுவடையும் உலர்த்தலும்

சேமிப்பின் வெற்றி பெரும்பாலும் வயலிலேயே முடிவாகிறது. தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்ட பயிரின் குமிழ்கள் நீர்ப்பற்று மிகுந்து விரைவில் அழுகும். தாள்கள் மஞ்சள் நிறமாகித் தலைசாயும்போது வெங்காயம் முற்றியதாகக் கொள்ளப்படும். அறுவடைக்குச் சில நாட்கள் முன்னரே நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட வேண்டும்.

பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு வரிசையாகப் பரப்பி, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் குமிழை மூடுமாறு வைத்து மூன்று, நான்கு நாட்கள் உலர்த்துவர். இதனால் குமிழின் மீது கடும் வெயில் நேரடியாகப் படுவதில்லை. கழுத்துப் பகுதி சுருங்கி மூடிக்கொள்வதும், மேல்தோல் காய்ந்து சலசலப்பதும் உலர்ந்தமைக்கு அடையாளங்களாகும். கழுத்து ஈரமாயிருந்தால் அதன் வழியே பூசணமும் பாக்டீரியாவும் உட்புகும். காயம்பட்டவை, முளைவிட்டவை, மழையில் நனைந்தவை ஆகியவற்றைப் பொறுக்கி முதலில் விற்றுவிடுவதே நல்லது.

அமைப்பு

பட்டறையின் அடிப்பகுதி தரையில் படாதவாறு கற்களின் மீது கழிகளைப் பரப்பித் தளம் அமைக்கப்படும். கீழிருந்து காற்று மேலெழுவதற்கும், மழைநீர் தேங்காமல் வடிவதற்கும் இந்த இடைவெளி உதவுகிறது. பக்கங்கள் கழிகளாலும் கீற்றுகளாலும் அல்லது கம்பிவலையாலும் அடைக்கப்படும். மேலே கீற்றுக் கூரையோ தார்ப்பாயோ இடப்படும். நீளம் எவ்வளவாயினும் அகலம் குறைவாகவே இருக்கும். அகலம் மிகுந்தால் நடுவிலுள்ள வெங்காயத்திற்குக் காற்று எட்டாமல் வெப்பமும் ஈரமும் தங்கிவிடும். நீண்ட பக்கம் காற்று வீசும் திசையை நோக்கி அமைவது சிறந்தது.

அறிவியல் அடிப்படை

சேமிப்பில் உள்ள வெங்காயம் உயிருள்ள குமிழ் ஆகும். அது தொடர்ந்து சுவாசிக்கிறது, எடை குறைகிறது, உறக்கநிலை முடிந்ததும் முளைக்கத் தொடங்குகிறது. மிகக் குளிர்ந்த நிலையிலும் (0 முதல் 2 பாகை செல்சியசு), மிதமான வெப்பத்திலும் (25 முதல் 30 பாகை செல்சியசு) முளைப்பு குறைவாக இருக்கும். இவற்றுக்கு இடைப்பட்ட குளிர்ச்சியில் முளைப்பு விரைவுபடும். எனவே குளிர்பதனக் கிடங்கு இல்லாத ஊர்களில் மிதமான வெப்பமும் 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்றோட்டமான சூழலே ஏற்றது. மழைக்காலத்தில் ஈரப்பதம் இதனைத் தாண்டும்போது கரும்பூசணமும் அடியழுகலும் பரவுகின்றன.

எல்லா விளைபொருள்களுக்கும் இது பொருந்தாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சேமிப்பதற்கு முன் சுமார் 30 பாகை வெப்பத்திலும் 85 முதல் 90 விழுக்காடு ஈரப்பதத்திலும் சில நாட்கள் வைத்துக் காயங்களை ஆற்றுவர். அந்த ஈரம் வெங்காயத்தை அழித்துவிடும்.

பிற முறைகள்

ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகளில், 25 டன் கொள்ளளவுள்ள குறைந்த செலவு வெங்காயக் கிடங்கிற்கு 1.75 லட்சம் ரூபாய் மதிப்பிடப்பட்டு, அதில் பாதி மானியமாக வழங்க வழிசெய்யப்பட்டது. மகாராட்டிர மாநிலம் லாசல்காவில் 2002இல் தொடங்கப்பட்ட கதிரியக்க நிலையத்தில் காமாக் கதிர் வீச்சினால் வெங்காயத்தின் முளைப்பு தடுக்கப்படுகிறது. இவ்வெங்காயம் உண்பதற்கு ஏற்றது. ஆனால் விதைக்குப் பயன்படாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 வகை விதை மூலம் நாற்றுவிட்டுப் பயிரிடப்படுவதால், விதைக் குமிழைச் சேமிக்கும் தேவையைத் தவிர்க்கிறது.

வீடுகளில் மொத்தமாக வாங்கும் வெங்காயத்தைத் தாளோடு கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவதும், தரையில் பரப்பி வைப்பதும் வழக்கம். நெகிழிப் பையில் கட்டி வைத்தால் வியர்த்து அழுகும். உருளைக்கிழங்குடன் சேர்த்து வைப்பதும் ஏற்றதன்று. கோடையில் சின்ன வெங்காயத்தை இடித்து உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் முதலியவற்றுடன் கலந்து உருட்டிக் காயவைக்கும் தாளிப்பு வடகமும் ஒருவகைச் சேமிப்பே ஆகும்.

சந்தையும் இடர்ப்பாடும்

இப்பகுதியின் விளைச்சல் திருச்சிராப்பள்ளி வெங்காய மண்டி முதலிய சந்தைகளுக்குச் செல்கிறது. சின்ன வெங்காயம் சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட தமிழர் வாழும் நாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. எனவே பட்டறை போட்டவரின் வருவாய் அரசின் ஏற்றுமதிக் கொள்கையையும் பொறுத்தது. இந்திய அரசு 2019 செப்டம்பரிலும், 2020 செப்டம்பரிலும், 2023 டிசம்பரிலும் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. கடைசித் தடை 2024 மே மாதம் நீக்கப்பட்டு 40 விழுக்காடு ஏற்றுமதி வரி தொடர்ந்தது. அவ்வரி 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, 2025 ஏப்ரல் 1 அன்று முற்றிலும் விலக்கப்பட்டது.

பட்டறையில் வெங்காயம் நாள்தோறும் எடை குறைந்து வருவதால், விலை உயர்வு இந்த இழப்பை ஈடுசெய்தால் மட்டுமே காத்திருப்பது பயன்தரும். இதனால் விளைச்சலை ஒரே முறையில் விற்காமல், ஒரு பகுதியை அறுவடையின்போதும், ஒரு பகுதியைப் பின்னரும் விற்று, விதைக்குரியதைத் தனிப் பட்டறையில் வைப்பது இடரைக் குறைக்கும் வழியாகும்.