கோட்டைக்குள் பையன்கள்

செங்கற்பட்டுக் கோட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள், 1752-ல் கிளைவ் அதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கதையோடு நிறுத்திக்கொள்வார்கள். பீரங்கிச் சத்தம் ஓய்ந்தபின் அந்த மதில்களுக்குள் யார் வசித்தார்கள் என்று கேட்பாரில்லை. பையன்கள் வசித்தார்கள். 1887-ல் அங்கே சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. முரண்டு பிடிக்கும் பிள்ளையை மிரட்ட அந்தப் பெயரைச் சொன்னாலே போதும் என்றிருந்த வீடுகள் உண்டு.

அதற்கு ஆதாரமான சட்டம் பிறந்தது 1876-ல். அந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். தாது வருஷப் பஞ்சம் தொடங்கியதும் அப்போதுதான். வைஸ்ராயின் சபை பஞ்சத்தை நினைத்துச் சட்டம் செய்யவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தது தற்செயல். ஆனால் சென்னை ராஜதானியில் 1878 வரை ஜனங்கள் சாலையோரத்தில் செத்து விழுந்தார்கள். தானியக் கொள்ளை பெருகியது; சிறைகள் நிரம்பின. தாயைப் பறிகொடுத்துவிட்டு ஒரு படி கேழ்வரகுக்குக் கைநீட்டிய பையனைச் சட்டம் என்னவென்று அழைத்தது? இளங்குற்றவாளி என்று.

1897-ல் திருத்தி எழுதிய சட்டத்தில், இப்பள்ளிகளில் இருந்தே தீரவேண்டியவை இன்னின்னவை என்று சொல்லியிருக்கிறது: இரவில் பையன்களைப் பிரித்துவைக்க இடம், தண்ணீர், உணவு, துணி, படுக்கை, தொழிற்பயிற்சி, நோயாளிகளுக்கு ஓர் அறை. நல்ல ஜாபிதாதான். உடம்புக்கு வேண்டியது ஒன்றும் விட்டுப்போகவில்லை. அந்தப் படுக்கையில் படுத்தவன் இரவில் எதை நினைத்து விழித்துக்கொண்டான் என்பதற்குத்தான் இடமில்லை. 14 வயது நிறைந்தவனை, வேலை தர முன்வரும் நம்பிக்கையான ஒருவரிடம் உத்தரவுச் சீட்டோடு அனுப்பலாம் என்றும் இருந்தது. கையில் தொழில் ஏறினால் மனமும் நேராகிவிடும் என்பது அக்கால நம்பிக்கை. பாதி உண்மை அது.

1920-ல் இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னை ராஜதானி குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் செய்தது, பெருமைப்படலாம். ஆனால் ஏறக்குறைய அதே சமயத்தில், வியன்னாவுக்கு அருகே ஒரு பழைய அகதி முகாமில் ஆகுஸ்ட் ஐக்ஹார்ன் என்ற ஆசிரியர் வேறு காரியம் செய்துகொண்டிருந்தார். மிகவும் முரடர்களான 12 பையன்களை ஒன்றாக வைத்து, யாரும் இவர்களைத் தண்டிக்கக் கூடாது என்றார். ஜன்னல், கதவு, மேஜை எல்லாம் நொறுங்கின. அவர் பொறுத்துக்கொண்டார். உடைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு கட்டத்தில் தேம்பி அழத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் அவர்களைப் புதுச் சாமான்கள் போட்ட வீட்டுக்கு மாற்றினார். நம் ஊர்த் தணிக்கைக்காரர் மேஜைக் கணக்கைப் பார்த்தே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்!

நம்முடைய 2015-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மனநல ஆலோசனை இடம்பெற்றிருக்கிறது. அதற்கு ஏழு வருஷம் கழித்து, 2022 டிசம்பர் 31-ல், அதே செங்கற்பட்டில், அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அவன்மேல் இருந்த புகார், ஒரு பாட்டரியைத் திருடினான் என்பது. அடித்ததனால் இறந்தான் என்ற வழக்கில் இல்லத்து ஊழியர்கள் கைதானார்கள். பிறகு சர்க்கார் இத்தகைய இல்லங்களைப் பற்றி ஆராய நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது.

செங்கற்பட்டுக்கு வடக்கே சிங்கப்பெருமாள் கோயிலில் பிரியும் சாலை ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறது. எல்லாம் பழைய செங்கற்பட்டு ஜில்லாதான். இன்று வழிநெடுகக் கார்த் தொழிற்சாலைகள். இல்லத்தில் தொழில் படித்தவனுக்கு இதைவிட வாய்ப்பான இடம் ஏது? பழைய குற்றம் எந்த உத்தியோகத்துக்கும் தடையல்ல, பதிவேடும் அழியவேண்டும் என்கிறது 2015 சட்டம். கொடுங்குற்றங்களுக்கு மட்டும் சில விலக்குகள். ஆனால் ஆள் எடுக்கும் மேஜைக்கு அப்பால் இருப்பவர், "நடுவில் இரண்டு வருஷம் எங்கே இருந்தாய், தம்பி?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார். கோட்டை மதிலும் அடியும் அந்தக் கணத்தில் அவனுக்குத் திரும்ப வந்துவிடும். வேலையை விட்டு ஓடுவதோ, மேஸ்திரியோடு சண்டையோ அடுத்த மாதம் நடக்கும். இல்லத்தைவிட்டு வந்தவனைத் தொடர்ந்து கவனிப்பதற்கும் சட்டத்தில் வழி உண்டு, 18 வயது முதல் 21 வரை. முதல் சம்பளம் வாங்குகிற வயது அது.