ஓசிப் புள்ளியும் ஒரு திருத்தமும்

ஒரு போர்டு கேமுக்கு எக்ஸ்பான்ஷன் வருதுன்னா, இன்னும் கொஞ்சம் பொம்மை, இன்னும் கொஞ்சம் அட்டை, கம்பெனிக்கு இன்னும் கொஞ்சம் காசு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ட்வைலைட் இம்பீரியத்தின் வரலாற்றைப் படித்தபோது அந்த எண்ணம் மாறிவிட்டது.

கிறிஸ்டியன் பீட்டர்சன் வடிவமைத்து, அமெரிக்காவின் ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ் 1997-இல் வெளியிட்ட விண்வெளி ஆட்டம் இது. அறுகோண அட்டைகளை அடுக்கினால் அதுதான் வரைபடம். நடுவில் மெகடோல் ரெக்ஸ் என்ற பழைய தலைநகரம். கப்பல் கட்டலாம், வியாபாரம் பேசலாம், சட்டத்துக்கு ஓட்டுப் போடலாம். ஒரு ஆட்டத்துக்கு ஒரு பகல் முழுசா போயிடும். வழக்கமாக, முதலில் 10 புள்ளி எடுப்பவர் ஜெயிப்பார்.

மூன்றாம் பதிப்பில் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவரும் வியூக அட்டை எடுக்க வேண்டும். அவை மொத்தம் 8. அதில் 'இம்பீரியல்' அட்டையை எடுத்தவருக்கு 2 புள்ளி சும்மா கிடைக்கும். கோள் பிடிக்க வேண்டாம், சண்டை வேண்டாம். 'இனிஷியேட்டிவ்' அட்டையை எடுத்தவருக்கோ அடுத்த சுற்றில் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. விளைவு என்ன? முதல் ஆள் இம்பீரியல் எடுப்பார், அடுத்தவர் இனிஷியேட்டிவ் எடுப்பார். அடுத்த சுற்றில் இவர் இம்பீரியல், இவருக்குப் பக்கத்தில் இருப்பவர் இனிஷியேட்டிவ். ரேஷன் கடை வரிசை மாதிரி. விண்மீன் மண்டலத்தையே விரித்து வைத்துவிட்டு, நாற்காலி முறை வைத்துப் புள்ளி வாங்கினார்கள்!

2006-இல் வந்த 'ஷாட்டர்டு எம்பயர்' எக்ஸ்பான்ஷன் பெட்டியில் 4 புதிய இனங்கள் இருந்தன, 8 பேர் வரை ஆட வழி இருந்தது. கூடவே மாற்று வியூக அட்டைகளும் வந்தன. எட்டாவது இடத்துக்கு வந்த 'பியூரோகிரசி' ஓசிப் புள்ளி தராது; பொது இலக்கு ஒன்றை நிறைவேற்றியிருந்தால் அதற்கான புள்ளியை உடனே வாங்கிக்கொள்ள விடும். உழைத்தவனுக்குத்தான் கூலி.

2017-இல் நான்காம் பதிப்பு வந்தபோது இம்பீரியல் என்ற பெயர் திரும்பியது, ஆனால் பழைய குணம் திரும்பவில்லை. நிறைவேற்றிய இலக்குக்கு உடனே புள்ளி உண்டு. அதற்கு மேல் 1 புள்ளி வேண்டுமா? மெகடோல் ரெக்ஸ் உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ரகசிய இலக்கு அட்டைதான். பழைய புள்ளிக்கு இப்போது விலை வைத்துவிட்டார்கள்.

என் தொழிலில் இதற்குப் பெயர் பேட்ச். புது வசதிகளைப் பெட்டி மேல் பெரிதாக அச்சடிப்போம். பிழைத் திருத்தம் கடைசி வரியில் இருக்கும். ஆனால் அடுத்த வெர்ஷன் வரை ஆட்டத்தை உயிரோடு வைத்திருப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி வரிதான்.