கடைசியாகத் தொட்ட கை: பிரெஞ்சு இனிப்புத் தட்டின் சரித்திரம்

பெரிய ஹோட்டல்களில் விருந்தின் முடிவில் ஒவ்வொருவர் முன்னும் தனித்தனியே வைக்கப்படும் அலங்கார இனிப்புத் தட்டை, ஐரோப்பிய அரண்மனை விருந்துகளின் நேர்வாரிசு என்று கருதுவோர் பலர். அக்கருத்தில் பாதியே உண்மை. இனிப்பைக் கண்ணுக்கு விருந்தாக்கும் ஆசை மிகப் பழையது. ஆனால் ஒருவர் உண்பதற்கென்றே ஓர் இனிப்பைத் தட்டில் அமைத்து, சமையற்காரரே தம் கையால் முடித்து அனுப்பும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வேரூன்றியது. எனவே இக்கலையின் சரித்திரத்தைப் பண்டங்களின் மாறுதலைக் கொண்டு எழுதுவதைவிட, இனிப்பை விருந்தில் கடைசியாகத் தொட்ட கை யாருடையது என்ற கேள்வியைக் கொண்டு ஆராய்வதே பொருந்தும் என்பது என் துணிபு.

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சர்க்கரை அரிய சரக்கு. ஆதலால் அதைக் குவித்துக் காட்டுவதே செல்வத்தின் பிரகடனமாக இருந்தது. 1574-இல் பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றி போலந்திலிருந்து நாடு திரும்பும் வழியில் வெனிஸ் நகருக்கு எழுந்தருளியபோது, அவருக்கு அளிக்கப்பட்ட உபசாரத்தில் தட்டும் கத்தியும் கை துடைக்கும் துணியுங்கூடச் சர்க்கரையாலேயே செய்யப்பட்டிருந்தன என்பது பிரசித்தமான செய்தி. அந்த வேலைப்பாடு எளியதன்று. நன்றாகச் சலித்த சர்க்கரைப் பொடியை ஊறவைத்த பிசினோடு சேர்த்துப் பிசைந்து, மெல்லிய தகடாகத் தேய்த்து, காய்வதற்கு முன்பே வெட்டியோ அச்சில் அழுத்தியோ உருக்கொடுத்து, பின்பு பொறுமையாக உலரவிட வேண்டும். உலர்ந்தபின் அது வெண்மையாகி இறுகும், ஆனால் தின்பதற்கு உகந்ததாக இராது. சாக்ஸனியில் 1710-இல் மைசன் பீங்கான் தொழிற்சாலை தோன்றியதும், பிரபுக்களின் மேசையில் சர்க்கரைப் பொம்மைகள் நின்ற இடத்தில் நாளடைவில் பீங்கான் பொம்மைகள் வந்து அமர்ந்தன. அந்த மாற்றம் அத்தனை இயல்பாக நிகழ்ந்ததற்குக் காரணம், அவை ஆதிமுதலே நாவுக்காக ஏற்பட்டவை அல்ல என்பதே. பதினெட்டாம் நூற்றாண்டில் சர்க்கரை பெருகியதற்குப் பின்னே, செந்தோமிங்கு போன்ற பிரெஞ்சுக் காலனிகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பு இருந்தது என்பதை இந்தச் சரித்திரத்திலிருந்து பிரித்துவிட முடியாது.

அந்தோனேன் கரேம் இந்த மரபின் சிகரம். வறுமையால் சிறு வயதிலேயே பாரிஸ் வீதியில் விடப்பட்ட அவர், பய்யி என்ற புகழ்பெற்ற இனிப்புக்கடைக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த எஜமானர் அளித்த ஓய்வு நேரங்களில் தேசிய நூல்நிலையத்தின் சித்திரப் பிரிவுக்குச் சென்று, கிரேக்க, ரோமானிய, எகிப்திய, சீனக் கட்டடங்களின் படங்களை உற்றுநோக்கிப் பிரதி எடுத்துக்கொண்டார். அந்தக் கோவில்களும் மண்டபங்களும் இடிந்த தூண்களும் பின்னர் சர்க்கரையிலும் பாதாம் பசையிலும் எழுந்து, தாலேரான் முதலிய ராஜதந்திரிகளின் மேசைகளை அலங்கரித்தன. 1815-இல் அவர் வெளியிட்ட இரண்டு நூல்களில் ஒன்று முழுவதும் இத்தகைய சித்திர இனிப்புகளைப் பற்றியது; 1821-இல் அவர் உண்மையான கட்டடங்களுக்கே திட்டங்கள் வரைந்து வெளியிட்டதைப் பார்க்கும்போது, அடுப்பங்கரையில் அகப்பட்டுக்கொண்ட சிற்பி ஒருவரையே நாம் சந்திக்கிறோம் என்று சொல்வது மிகையாகாது. கரிப்புகை நிறைந்த சமையற்கூடங்களில் உழைத்து, 1833-இல், ஐம்பது வயதை ஒட்டி அவர் மறைந்தார். ஒரு கலைஞன் தன் வாழ்நாளை உருகியும் உடைந்தும் போகும் பொருளுக்கே ஒப்புக்கொடுத்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவரிடம் பக்தியே உண்டாகிறது.

ஆயினும் கரேமின் மண்டபம் விருந்தாளி ஒருவருக்கும் சொந்தமானதன்று. அது விருந்தளித்தவரின் கீர்த்தி. பிரெஞ்சு முறைப்படி பண்டங்கள் யாவும் ஒரே சமயத்தில் மேசையில் ஒழுங்காகப் பரப்பப்படும்; எட்டியதை எடுத்துக்கொள்வது உண்பவர் பொறுப்பு. கடைசிக் கை அவருடையதே. 1810-ஐ ஒட்டி, பாரிஸில் ரஷ்யத் தூதராக இருந்த குராக்கின் பிரபு தம் நாட்டு வழக்கத்தை அங்கே அறிமுகப்படுத்தினார் என்பர்: ஒவ்வொரு பண்டமும் சூடாறாமல், ஒன்றன்பின் ஒன்றாக, பரிசாரகர் கொண்டுவந்து பரிமாறுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உர்பேன் துபுவா போன்ற சமையற்காரர்களின் முயற்சியால் அது பரவிற்று. மேசையின் நடுவிடம் பூக்களுக்கும் பழங்களுக்கும் போயிற்று. கடைசிக் கை பரிசாரகருடையதாயிற்று.

இந்த இடைக்காலத்தின் இலக்கணமாக விளங்குவது, லண்டன் சவாய் ஹோட்டலில் 1890-களின் தொடக்கத்தில் சமையற்கலைஞர் எஸ்காஃபியே இயற்றிய பீச் மெல்பா. லோஹெங்ரின் என்ற இசை நாடகத்தில் பாடிய நெல்லி மெல்பா அம்மையாரின் கௌரவார்த்தமாக, அந்நாடகத்தில் வரும் அன்னத்தை நினைவூட்டும்படி, பனிக்கட்டியில் செதுக்கிய அன்னத்தின் சிறகுகளுக்கிடையே வெள்ளிக் கிண்ணத்தை அமர்த்தி, வனிலா ஐஸ்கிரீமின் மேல் பீச் பழங்களை வைத்து அனுப்பினார். சில ஆண்டுகளுக்குப் பின் அன்னம் மறைந்தது; ராஸ்ப்பெரிப் பழக்கூழ் சேர்ந்தது. சிற்பம் போய்ச் சுவை நின்ற அந்தச் சிறு திருத்தத்தைக் கரேமின் யுகத்துக்கும் நம் யுகத்துக்கும் இடையே நட்ட எல்லைக்கல்லாக நான் மதிக்கிறேன்.

முழு மாற்றம் ரோவான் நகரத்துச் சமையற்காரர்களான த்ருவாகுரோ சகோதரர் காலத்தில் கைகூடிற்று. பெரிய தட்டுகளில் பண்டத்தைச் சமையற்கூடத்திலேயே அமைத்து அனுப்பும் வழக்கத்தை அவர்கள் நிலைநாட்ட, 1973-இல் கோ, மியோ என்ற இரு விமர்சகர்கள் புதிய சமையலின் விதிகளைத் தொகுத்து வெளியிட்டனர். கடைசிக் கை இப்பொழுதுதான் சமையற்காரருடையது ஆயிற்று. ஆகவே மணித்துளிகளையும் அவர் தம் கலைக்கு மூலப்பொருளாகக் கொள்ளலாயினார். தென் பிரான்சின் லாயோல் என்ற சிற்றூரில் மிஷேல் ப்ராஸ் நெடுநாள் பரிசோதித்து 1981-இல் நிறைவேற்றிய சாக்லேட் கூலான் இதற்கு உத்தமமான சான்று. உறையவைத்த சாக்லேட் உருண்டையை மாவின் நடுவே புதைத்துச் சுட்டால், புறம் வெந்து நிற்கும்போது அகம் உருகியிருக்கும். கரண்டி பட்டவுடன் அது வழிந்தோடும். சற்றுத் தாமதித்தால் அதன் மர்மமே போய்விடும். பரிசாரகர் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் நிலைத்திருந்தால் இப்படிப்பட்ட இனிப்பு பிறந்திருக்க வழியில்லை.

இத்தொழிலில் இருப்போர் அவ்வேகத்துக்கென்றே கையைப் பழக்குகின்றனர். ஐஸ்கிரீமை வெந்நீரில் நனைத்த கரண்டியால் ஒரே இழுப்பில் சுருட்டி முட்டை வடிவாக்குவதும், அது வழுக்காதிருக்க அடியில் பிஸ்கட் தூளைக் கொஞ்சம் தூவுவதும், மெல்லிய மொறுமொறுத் தகட்டை ஈரம் ஏறாதபடி இறுதியில் நிறுத்துவதும் ஒழுங்கு பிறழாமல் நடந்தாக வேண்டும். தட்டின் வெள்ளை வெளியை நிரப்பாமல் விடத் துணிவதும் ஒரு வித்தையே. அதில் தேறாதவர்களின் தட்டுகளில் அலங்காரம் மிகுந்து சுவை ஒளிந்துகொள்வதை இன்றும் காண்கிறோம். கரேமின் கோபுரமும் அழிந்துவிடவில்லை: லியோன் நகரில் 1989-இல் தொடங்கிய உலக இனிப்புக்கலைப் போட்டியில், உண்பதற்கான தட்டும் பார்ப்பதற்கான சர்க்கரைச் சிற்பமும் அருகருகே மதிப்பிடப்படுகின்றன; 2019-இல் அதன் முதற்பரிசை மலேசிய அணி வென்றது. பார்சிலோனாவில் ஹோர்தி பூத்ரோன் என்பவரும் அவருடைய கூட்டாளியும் 2000-த்தில் எஸ்பாய் சுக்ரே என்ற உணவகத்தைத் திறந்து, இனிப்புத் தட்டுகளையே வரிசையாகக் கொண்ட முழுச் சாப்பாட்டை அளிக்கலாயினர். இதனால் விருந்தின் வாலாக இருந்த கலைஞருக்கு விருந்து முழுவதுமே உரியதாயிற்று.