பிள்ளைவரம் தேடியவர்கள்

குழந்தைப்பேறு சிகிச்சை என்ற பேச்சு வந்தாலே, நம் பெண்களுக்கு விழிப்புணர்வு போதாது என்ற புகாரும் கூடவே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பழக்கங்களைப் பார்த்தால் இந்தப் புகார் நிற்காது. அரச மரத்தடி நாகக்கற்களும் கோயில் மரங்களில் தொங்கும் தொட்டில்களும் பெண்கள் தேடிக்கொண்டே இருந்ததற்குச் சான்று. அரச மரத்தைச் சுற்றிய கையோடு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பழமொழி கேலி செய்கிறது. அந்தக் கேலியில்கூடக் கணவன் இல்லை. திருச்செங்கோட்டு மலையுச்சியில், கால் இடறினால் போச்சு என்று தெரிந்தே, பிள்ளைவரம் வேண்டி வரடிக்கல் என்ற பாறையைச் சுற்றியவர்களும் பெண்கள்தாம். இதை அறியாமை என்று தள்ளுவது சுலபம். ஆனால் சென்னை மாகாணத்தில் 1949இல் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் வரும்வரை, பிள்ளையில்லை என்று சொல்லி இந்துக் கணவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளத் தடையில்லை. தவறி விழுவது ஓர் அபாயம், சக்களத்தி வருவது இன்னோர் அபாயம். இரண்டையும் எடைபோட்டுத்தான் அவள் மலையேறினாள்.

போதாமல் இருந்தது சிகிச்சைதான். 1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அதன் சின்னமான சிவப்பு முக்கோணம் ஊர்ச்சுவர்களில் ஏறியது. பிள்ளை போதும் என்றவளுக்கு வழி சொன்ன அரசு மருத்துவமனையிடம், பிள்ளை வேண்டும் என்றவளுக்குச் சொல்ல அதிகம் இருக்கவில்லை. மக்கள் பெருகிய ஏழை நாட்டில் வேறென்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் கதவைத் திறக்காமலே இருந்துவிட்டு, வரவில்லையே என்று அவளைக் குறை சொல்ல முடியாது. கொல்கத்தாவில் 1978 அக்டோபரில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் சோதனைக் குழாய் குழந்தை பிறந்தபோது, மேற்கு வங்க அரசு அமைத்த குழு அதை நம்பவே மறுத்தது. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை 1990இல் சென்னையில், டாக்டர் கமலா செல்வராஜின் முயற்சியால் பிறந்தது. அதுவும் தனியார் மருத்துவமனையில்தான்.

கணவனையும் பரிசோதனைக்கு வரவழைத்தவை இந்தத் தனியார் மருத்துவமனைகள்தானே, அது விழிப்புணர்வு இல்லையா என்பார்கள். ஆம், பெரிய மாற்றம்தான். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆண் பக்கமும் குறை இருக்கிறது. ஆனால் அப்படி விழித்துக்கொள்ள வேண்டியிருந்தவன் அவன். ஒரே விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் முதல் கர்ப்பங்கள் உண்டானதை பெல்ஜிய மருத்துவர்கள் 1992இல் அறிவித்தார்கள். ஆணின் குறைக்காகவே வந்த முறை அது. அதற்கும் நாள்தோறும் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவள் மனைவி. முட்டை எடுக்க மயக்க மருந்து வாங்குபவளும் அவளே.