குப்பை என்று எண்ணிய மடல்

மூளையில் கட்டி வளர்ந்தால், அது எத்தகையது என்று துணிவதற்கு மண்டையோட்டைத் துளைத்துத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதே நெடுநாளாக உள்ள வழி. ஒரு துளி இரத்தம் அதனை உரைக்குமா?

1983-ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரீல் நகரில், ரோஸ் ஜான்ஸ்டன் அம்மையார் ஆட்டின் முதிராத சிவப்பணுக்களை ஆராய்ந்தார். முதிரும்போது அவை நுண்ணிய பைகளை வெளியே தள்ளின. பின்னர் அவற்றிற்கு ‘எக்சோசோம்’ என்ற பெயர் வழங்கலாயிற்று. அணு வீசும் குப்பை என்றே பலரும் கருதினர்.

2004-இல் டொராண்டோ நகரத்து பீட்டர் டர்க்ஸ் குழுவினர், மூளைக் கட்டியில் மூல உயிரணுவின் இயல்புடைய நூறு அணுக்களே எலியின் மூளையில் புதிய கட்டியை எழுப்ப வல்லவை என்று காட்டினர். 2007-இல் சுவீடன் நாட்டார், எக்சோசோம்கள் ஆர்.என்.ஏ. என்னும் செய்தியைச் சுமந்து செல்வதைக் கண்டனர். குப்பை மடலாயிற்று!

2008-இல் பாஸ்டன் நகர ஆய்வாளர், கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைப்புற்று உற்ற 25 பேரின் இரத்தத்திலிருந்த நுண்பைகளில் அப்புற்றுக்கே உரிய ஜீன் மாற்றம் ஒன்றைத் தேடினர். எழுவரிடம் அது கிடைத்தது. மூல உயிரணு ஜீன்களின் செய்தியையும் இவ்வாறே தேடுவோர் இன்று உளர்.

எஞ்சிய பதினெண்மரும் நோயாளரே என்பதை மறவாதீர்கள். மடல் வரவில்லை என்பதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. எனவே, கத்தியின் வேலை இன்னும் ஓயவில்லை.