கோட்டையில் வாங்கிய வைரம், பாரீசில் விற்ற வைரம்



"தங்கம் எட்டாத விலைக்குப் போய்விட்டது, வைரம் இறங்கியிருக்கிறதாமே, பெண்ணுக்கு ஒரு செட் எடுத்து வைக்கலாமா சார்?" என்று நம் குடியிருப்பில் சிலர் கேட்கிறீர்கள். தங்கத்துக்குத் தினமும் காலையில் ஒரு விலை வருகிறது. வைரத்துக்கு அப்படி ஒரு விலை என்றைக்கும் இருந்ததில்லை. ஒரு பழைய வியாபாரத்தைச் சொன்னால் விளங்கும்.

1702-ஆம் வருஷம். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் தாமஸ் பிட். கோல்கொண்டா பகுதிச் சுரங்கத்தில் கிடைத்த பட்டை தீட்டாத வைரம் ஒன்று, ஜாம்சந்த் என்ற வியாபாரி மூலம் அவரிடம் வந்தது. சுமார் 410 காரட், அதாவது ஏறக்குறைய பத்து பவுன் எடை! ஜாம்சந்த் கேட்டது 2,00,000 வராகன். பேரம் முடிந்தது 48,000 வராகனில். கால் பங்குகூட இல்லை. தங்கமாக இருந்தால் உரைத்துப் பார்த்து, எடை போட்டு, இருவரும் ஒரே கணக்குக்கு வந்திருப்பார்கள். அவ்வளவு பெரிய கல்லை வாங்க அன்று சென்னையில் வேறு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அதுதான் விலையை இறக்கியது என்பது என் எண்ணம்.

பிட்டுக்கு அடக்கம் 20,400 பவுண்டு. லண்டனில் பட்டை தீட்ட இரண்டு வருஷமும் 5,000 பவுண்டும் ஆயின. கல் சுமார் 140 காரட்டாகக் குறைந்தது. அடுத்து அவரே வாங்க ஆள் தேடி அலைந்தார். பிரான்சின் பதினான்காம் லூயி மன்னரே வேண்டாம் என்றுவிட்டார். 1717-இல்தான், சிறுவனான பதினைந்தாம் லூயிக்காக ஆட்சி நடத்திய ஓர்லேயான் கோமகன் 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். செலவெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஐந்து மடங்குக்கு மேல். ஆனால் பதினைந்து வருஷக் காத்திருப்பு. வாங்கச் சொல்லித் தூண்டியவர் ஜான் லா. 1719-இல் நம் புதுச்சேரியை நடத்திய பிரெஞ்சுக் கம்பெனியைத் தன் கம்பெனியோடு சேர்த்துக்கொண்டவரும் இவர்தான்.

'ரீஜென்ட்' எனப்படும் அந்த வைரம் இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. 2025 அக்டோபரில் அங்கே புகுந்த திருடர்கள் மற்ற அரச நகைகளை எடுத்தார்கள், இதைத் தொடவில்லை. எடுத்தாலும் விற்க ஆள் வேண்டுமே!

பிறகு விலையை ஆட்டியது வரத்து. 1720-களில் பிரேசிலில் வைரம் கிடைத்ததும் ஐரோப்பாவில் விலை விழுந்தது. 1867-க்குப் பின் தென்னாப்பிரிக்காவில் குவியல் குவியலாகக் கிடைத்தது. விலை மண்ணாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 1888-இல் தொடங்கிய டி பீர்ஸ் கம்பெனி சுரங்கங்களைக் கைக்குள் வைத்து, மதகைத் திறப்பதுபோல் அளந்து விட்டது. நிச்சயதார்த்தம் என்றால் வைர மோதிரம் என்று மேல்நாட்டாரை நம்பவைத்ததும் அவர்கள் விளம்பரமே. நம்மவர்களோ தோஷம் பார்த்து, புளூ ஜாகர் தோடு என்று தேடி வாங்கியவர்கள்.

இன்று மதகை உடைத்தது ஆய்வகம். சூரத்தில் கருவிக்குள் சில வாரங்களில் வளர்க்கும் கல்லும் அசல் வைரம்தான். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 2018-இல் டி பீர்ஸே ஆய்வக வைரத்தை காரட் 800 டாலருக்கு விற்க வந்தது. விலை மேலும் சரிந்ததால் 2025-இல் அந்த வியாபாரத்தை மூடுவதாக அறிவித்தது. சுரங்கக் கல்லின் விலையும் கூடவே இறங்கியது.

ஆகவே திருவாண்டார்கோயிலில் பஸ் ஏறி நேரு வீதிக்குப் போகிறவர்கள், சுரங்கக் கல்லா ஆய்வகக் கல்லா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். திருப்பிக் கொடுத்தால் எத்தனை சதவீதம் தருவார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். போட்டு அழகு பார்க்கத் தாராளமாக வாங்கலாம். அவசரத்துக்கு உதவும் என்று வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம்: வங்கி நகைக்கடனில் மதிப்பீட்டாளர் கல் எடையை முதலில் கழித்துவிடுவார். கடன் மிச்சமுள்ள தங்கத்துக்கு மட்டும்தான்.